பெண்ணுடலைச் சிற்பமாக்கும்போது அது வெறும் காட்சிப்பொருளாகிவிடாமல் இருக்க வழி உண்டா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிற்பக்கலையில் மூன்றாம் ஆண்டு மாணவி நீங்கள். பெண்ணாக இந்த உடலில் இருப்பது எப்படிப்பட்டது என்பதைச் செய்து பார்க்க வேண்டும் என்று தொடங்கி, கழுத்துக்கு மேலும் தொடைக்குக் கீழும் இல்லாத ஒரு பெண் உடற்பகுதியைச் சுடுமண்ணில் செய்து முடித்தீர்கள். மதிப்பீட்டின்போது ஆசிரியர், வேலை நேர்த்தி, ஆனால் நூறு முறை பார்த்தது என்றார். உடன் படிப்பவர் ஒருவர், மாடல் யார் என்று கேட்டுச் சிரித்தார். இனி உருவத்தையே விட்டுவிடுவதா, சொந்த உடலிலிருந்து அச்சு எடுத்தால் அது நேர்மையானதாக இருக்குமா, எப்படிச் செய்தாலும் பெண்ணுடல் பார்ப்பவருக்கான பொருளாகத்தான் முடியுமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அவற்றின் அடியில் ஒரே ஐயம்தான் தெரிகிறது: நான் நினைத்ததை விட்டுவிட்டு, ஏற்கெனவே செய்யப்பட்டதையே என் கை ஏன் திரும்பச் செய்கிறது? அதற்குத்தான் பதில் எழுத முயல்கிறேன். களிமண், பிளாஸ்டர், மெழுகு ஆகியவற்றில் நெடுங்காலம் வேலை செய்தும் கற்பித்தும் வருபவள் நான். கல் செதுக்குவதில் எனக்குப் பயிற்சி குறைவு, பெரிய உலோக வார்ப்புகளைப் பட்டறைகளிடம்தான் கொடுத்திருக்கிறேன். உளவியல் என் துறை அன்று. ஆகவே சிற்பம் செய்வது ஒருவரின் மனக்காயத்தை ஆற்றுமா என்ற பக்கம் நான் போகப் போவதில்லை.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியது. மேற்கத்திய முறையில் பயிற்சி தரும் எந்தக் கலைக்கல்லூரியிலும் நாம் பழகும் பெண்ணுடலுக்கு ஒரு வம்சாவளி உண்டு. பொ.ஆ.மு. நான்காம் நூற்றாண்டில் பிராக்ஸிடெலஸ் என்ற கிரேக்கச் சிற்பி நைடஸ் நகரத்துக்குச் செய்த காதல் தெய்வமான அஃப்ரோடைட்டியின் சிலை அதன் தலைமகள். மூலச் சிலை அழிந்துவிட்டது. ரோமானியப் பிரதிகள் வழியாகவே அதை அறிகிறோம். ஆடை அணிந்த ஒன்றும் அணியாத ஒன்றுமாக இரண்டைச் சிற்பி விற்பனைக்கு வைத்தபோது கோஸ் தீவினர் ஆடையுள்ளதை வாங்கிக்கொண்டார்கள், நைடஸ் நகரத்தார் மற்றதை வாங்கினார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அது நடந்ததா, பின்னாளில் புனையப்பட்ட கதையா என்பது வேறு. ஆனால் அந்தச் சிலையின் உடல்மொழி நடந்த வரலாறு. எடை ஒரு காலில் இறங்க, இடுப்பு ஒருபுறம் தள்ளி நிற்க, ஒரு கை அடிவயிற்றின் முன் வந்து நிற்கிறது. யாரோ பார்த்துவிட்டார்கள் என்பதை அந்தக் கையே சொல்லிவிடுகிறது. பார்ப்பவர் சிலைக்கு வெளியே இருந்தாலும் சிலையின் அமைப்புக்குள் அவருக்கு ஓர் இடம் முன்னரே ஒதுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் சுடுமண் உடலுக்குக் கையே இல்லை. ஆயினும் நீங்கள் அனுப்பிய படத்தில் இடது இடுப்பு உயர்ந்து, முதுகெலும்பு மெல்லிய எதிர்வளைவில் போகிறது. அது நைடஸிலிருந்து வந்தது. நீங்கள் கண்ணாடியில் பார்த்து எடுத்த நிலை என்று எழுதியிருக்கிறீர்கள்; கண்ணாடிக்கு முன் அப்படி நிற்க உங்களுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி.

தலையில்லாத, கையில்லாத உடலும் அப்படித்தான் வந்தது. பழைய சிலைகள் மண்ணுக்குள்ளிருந்து உடைந்து வந்தன. உடைந்ததையே முழுமையாகப் பார்க்கக் கண் பழகியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரோடான் என்ற பிரெஞ்சுச் சிற்பி வேண்டுமென்றே தலையும் கையும் இல்லாமல் உருவங்களைச் செய்து அதை ஒரு தனி வகையாகவே நிறுவினார். இன்று மாணவர்கள் உடற்பகுதி செய்வது பெரும்பாலும் நேரம், சூளையின் அளவு, கைவிரல்கள் செய்வதன் தொல்லை ஆகிய நடைமுறைக் காரணங்களால்தான். அந்தக் காரணங்களில் தவறில்லை. ஆனால் அடையாளத்தைப் பற்றிய சிற்பம் என்று சொல்லிக்கொண்டு முகத்தையும் கையையும், அதாவது ஒருவரை அவராக அறியவைக்கும் இரண்டையும், சூளையின் அளவுக்காக வெட்டிவிட்டால் பார்ப்பவர் மாடல் யார் என்று கேட்கத்தான் செய்வார். சிரித்தவரின் நாகரிகத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவர் கேள்வி மட்டும் வேலையிலிருந்தே எழுந்தது.

பயிற்சியின் வரலாற்றையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் கையின் பழக்கம் அங்கேதான் உருவாகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆடையற்ற மாடலை வைத்துப் பயிலும் வகுப்பே சிற்பக் கல்வியின் முதுகெலும்பாக இருந்த நூற்றாண்டுகளில் பெண்களுக்கு அந்த வகுப்புக்குள் பெரும்பாலும் இடமில்லை. பாரிஸின் அரசுக் கலைக்கல்லூரியான எக்கோல் தே போஸார் 1897இல்தான் மாணவிகளைச் சேர்த்தது. பிலடெல்ஃபியாவில் தாமஸ் ஈக்கின்ஸ் என்ற ஓவிய ஆசிரியர், மாணவிகள் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடுப்புத் துணியை அகற்றியதற்காக எழுந்த சர்ச்சையில் 1886இல் வேலையை விட நேர்ந்தது. அப்படியிருந்தும் வேலை செய்த பிரெஞ்சுச் சிற்பி கமீல் குளோடெலுக்கு நடந்தது இன்னும் வெளிப்படையானது. ஓர் ஆணும் பெண்ணும் சுழன்றாடும் 'லா வால்ஸ்' என்ற சிற்பத்தைப் பளிங்கில் செய்ய அவர் அரசின் ஆதரவைக் கேட்டபோது, 1892இல் வந்து பார்த்த ஆய்வாளர், இருவரும் ஆடையில்லாமல் அத்தனை நெருக்கமாக இருப்பதை ஏற்கவில்லை. குளோடெல் பெண்ணின் இடுப்புக்குக் கீழே சுழலும் துணியைச் சேர்த்தார். வேடிக்கை என்னவென்றால் அந்தத் துணிதான் இன்று சிற்பத்தின் வேகத்தையே தாங்கி நிற்கிறது. பளிங்குக்கான ஆணை மட்டும் வரவில்லை. அதே காலத்தில், அதே ஊரில், ரோடானின் நிர்வாண இணைகள் புகழ்பெற்றுக்கொண்டிருந்தன. பெண்ணுடலைச் செய்யலாமா என்ற தடை அன்று யாருக்கும் இருக்கவில்லை. உடலைத் தன் அறிவிலிருந்து ஒரு பெண் செய்வதுதான் உறுத்தியது.

இனி, நான் ஓரளவு மட்டுமே உறுதியாக இருக்கும் பகுதி. வெளியிலிருந்து பார்த்து அறியும் உடல் ஒன்று, உள்ளிருந்து அறியும் உடல் ஒன்று என்று வகுப்பில் சொல்லுவேன். இதைச் சொன்னவுடன் மாணவர்கள் வில்லண்டார்ஃப் சிலையைக் கேட்பார்கள். 1908இல் ஆஸ்திரியாவில் கிடைத்த, 11 சென்டிமீட்டர் உயரமே உள்ள, சுண்ணாம்புக்கல்லாலான அந்தச் சிறு உருவத்துக்கு வயது 25,000 ஆண்டுகளுக்கும் மேல். முகம் இல்லை, தலையைச் சுற்றி வரிவரியாகப் பின்னலோ தொப்பியோ போன்ற ஒன்று, மெலிந்த கைகள் பெரிய மார்பின் மேல் ஓய்கின்றன, கால்கள் குறுகி முடிந்துவிடுகின்றன. 1996இல் லெராய் மெக்டர்மட் என்ற கலை வரலாற்றாளர் ஒரு கருத்தை முன்வைத்தார்: இத்தகைய உருவங்களைச் செய்தவர்கள் பெண்களாக இருக்கலாம், கண்ணாடி இல்லாத காலத்தில் தம் உடலைத் தாமே குனிந்து பார்த்தபடி செய்திருக்கலாம், அப்படிப் பார்த்தால் மார்பும் வயிறும் பெரிதாகவும் பாதம் மிகச் சிறிதாகவும்தான் தெரியும் என்றார். இதை ஏற்காத தொல்லியலாளர்கள் பலர். செய்தவர் யார் என்று காட்டும் சான்று எதுவும் இல்லை, ஒருவர் இன்னொருவரைப் பார்த்தும் செய்திருக்கலாம், வளமைச் சடங்கு என்ற பழைய விளக்கத்துக்கும் நேரடிச் சான்று இல்லை. ஆகவே இதை வரலாறாக எழுதிவிடாதீர்கள். ஆனால் பயிற்சியாக அது அருமையானது. நின்றபடி, கண்ணாடி இல்லாமல், கீழே பாருங்கள். உங்கள் தோள் உங்களுக்கு முழுதாகத் தெரியாது. கழுத்து தெரியவே தெரியாது. முதுகு என்பது நாற்காலியும் படுக்கையும் சொல்லித்தான் தெரியும். அந்த ஒழுங்கற்ற தகவலை மட்டும் வைத்து, கை அளவுக் களிமண்ணில், முதல் முறை கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள். தெரியாத இடத்தை அழகாக நிரப்பாதீர்கள். தெரியாததை மொட்டையாகவே விடுங்கள்.

இந்தப் பயிற்சியைச் செய்தவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்று உண்டு. கண் திறந்து செய்யும்போது மார்பிலும் இடுப்பிலும் போகும் உழைப்பு, கண் மூடிச் செய்யும்போது பாதம், தாடை, அடிவயிறு, தோள்பட்டைக்கு நடுவிலுள்ள இறுக்கம் ஆகியவற்றுக்குப் போய்விடுகிறது. மாதவிலக்கு நாளில் செய்த உருவத்தில் இடுப்பு ஒரு கனத்த கட்டியாக வந்ததும் உண்டு, இடுப்பே இல்லாமல் ஒரு குழியாக வந்ததும் உண்டு. இதிலிருந்து பெண்கள் இப்படித்தான் உணர்கிறார்கள் என்று பொதுவிதி எதையும் நான் எடுக்க மாட்டேன். ஆண் மாணவர்களும் அதே பயிற்சியில் அதே போன்ற முரட்டு உருவங்களைச் செய்திருக்கிறார்கள். நான் சொல்ல வருவது சிறியது: தொடுதலும் எடையும் தரும் தகவல், பார்வை தரும் தகவலிலிருந்து வேறானது, சிற்பத்துக்கு அது மிகப் பொருத்தமானது. ஓவியத்துக்கு எடை கிடையாது. சிற்பம் நாம் நிற்கும் தரையிலேயே நிற்கிறது, சாய்ந்தால் விழுகிறது, அதைச் சுற்றி நடக்கலாம். உடலுக்கும் அதே விதிகள்தான்.

உருவத்தை விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். விடலாம், பலர் விட்டு நன்றாகவே செய்திருக்கிறார்கள். ஆனால் உருவத்தை விட்டால் சிக்கலும் விட்டுவிடும் என்று நம்பி விட வேண்டாம். இந்தியச் சிற்பி மிருணாளினி முகர்ஜி 1970கள் முதல் சாயமேற்றிய சணல் கயிற்றை முடிச்சுப் போட்டு முடிச்சுப் போட்டே ஆளுயரத்துக்கும் மேற்பட்ட உருவங்களை எழுப்பினார். அவற்றுக்கு 'தேவி', 'யக்ஷி' என்று பெயர் வைத்தார். முன்வரைவு எதுவும் இல்லாமல் முடிச்சு போகும் வழியில் வடிவத்தைத் தேடியவர் அவர். அருகில் நின்று பார்த்தால் மடிப்பு, உதடு, இதழ், குகை எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று. இது பெண்ணுறுப்பா பூவா என்ற கேள்விக்கு அந்தச் சிற்பங்கள் இடம் கொடுத்துவிட்டுப் பதில் கொடுப்பதில்லை. இன்னொரு பக்கம் ஈவா ஹெஸ்ஸ. 1936இல் ஹாம்பர்க்கில் பிறந்து, குழந்தையாக நாஜிகளிடமிருந்து தப்பி நியூயார்க்கில் வளர்ந்து, 34 வயதில் மூளைக்கட்டியால் இறந்தவர். மெல்லிய பருத்தித் துணியில் லேடக்ஸ் என்ற ரப்பர் பாலைப் பூசி, ஃபைபர்கிளாஸோடு சேர்த்துத் தொங்கவிட்ட அவருடைய வேலைகளில் எந்த உறுப்பும் இல்லை, ஆனால் தோல் என்ற நினைவு வராமல் அவற்றைப் பார்க்க முடியாது. லேடக்ஸ் நாள்பட்டால் பழுப்பேறி, விறைத்து, நொறுங்கும். அவருக்கும் அது தெரிந்தே இருந்தது. இன்று அருங்காட்சியகங்கள் அவற்றைக் காப்பாற்றப் படாதபாடு படுகின்றன. நீங்கள் லேடக்ஸை எடுப்பதானால் அந்த முதுமையையும் சேர்த்தே எடுக்கிறீர்கள் என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டு கழித்து அதிர்ச்சியடைய வேண்டாம்.

லூயிஸ் பூர்ஷ்வா பற்றிச் சற்று நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உருவமா உருவமின்மையா என்ற சண்டையே அவருக்கு இருக்கவில்லை. 1911இல் பாரிஸில் பிறந்து 2010இல் நியூயார்க்கில் இறந்தவர். பெற்றோர் பழைய சித்திரத் திரைச்சீலைகளைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார்கள், தாய் ஊசி வேலைக்காரி. 70 வயதைத் தாண்டிய பிறகு, 1982இல்தான் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்கு முழுக் கண்காட்சி நடத்தியது. 1999இல் அவர் செய்த 'மமான்' (பிரெஞ்சில் அம்மா) 9 மீட்டருக்கும் உயரமான எஃகுச் சிலந்தி. வயிற்றின் அடியில் கம்பிக் கூட்டுக்குள் பளிங்கு முட்டைகள். நெய்பவளும், பழுதுபார்ப்பவளும், காவலிருப்பவளுமான தாய் என்று அவரே விளக்கியிருக்கிறார். பெண்ணுடல் எங்கும் இல்லை, தாய்மை முழுக்க இருக்கிறது, ஆனால் இனிமையாக இல்லை; அதன் கால்களுக்கு நடுவே நிற்கும்போது காக்கப்படுகிறோமா மாட்டிக்கொண்டோமா என்று சொல்ல முடியாது. அதைவிட உங்கள் கேள்விக்கு நெருக்கமானது 1993இன் 'ஹிஸ்டீரியாவின் வளைவு'. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்க்கோ என்ற நரம்பியல் மருத்துவர், பாலமாக வளைந்து கிடக்கும் பெண் நோயாளிகளைப் பார்வையாளர்களுக்குக் காட்டினார், படமெடுக்கச் செய்தார். ஹிஸ்டீரியா என்றால் பெண்ணுடல் என்று அந்தப் படங்கள் உலகுக்குச் சொல்லின. பூர்ஷ்வா அதே வளைவை எடுத்தார், பளபளக்கும் வெண்கலத்தில் வார்த்தார், அந்தரத்தில் தொங்கவிட்டார், தலையை விட்டுவிட்டார். ஆனால் வளைந்திருக்கும் உடல் ஆணுடையது. பெண்ணைப் பற்றிய ஒரு பொய்யைத் திருத்த அவருக்குப் பெண்ணுடல் தேவைப்படவில்லை. தலையில்லாத உருவம் இங்கே எவ்வளவு வேலை செய்கிறது என்பதையும் கவனியுங்கள்; நான் மேலே உங்கள் வேலையில் குறைசொன்ன அதே வெட்டுதான், இங்கே அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

அடுத்து, அச்சு. சொந்த உடலிலிருந்து அச்சு எடுத்தால் அது நேர்மையானதா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் பாதி ஆம். செய்முறையை முதலில் சொல்கிறேன், ஏனெனில் அர்த்தம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. பல் மருத்துவர்கள் தாடை அச்சுக்குப் பயன்படுத்தும் ஆல்ஜினேட் பொடியை நீரில் குழைத்துத் தோலின் மேல் பூசினால் சில நிமிடங்களில் ரப்பர் போல இறுகும். குளிர்ந்த நீரில் குழைத்தால் இன்னும் சற்று நேரம் கிடைக்கும். அதன் மேல் பிளாஸ்டர் நனைத்த கட்டுத்துணியை அடுக்கித் தாங்கும் ஓடு செய்ய வேண்டும், இல்லையெனில் எடுத்தவுடன் வடிவம் சரிந்துவிடும். முடியுள்ள இடங்களில் முன்னரே வாசலின் தடவ வேண்டும். எடுத்த அச்சை அன்றே நிரப்ப வேண்டும். ஆல்ஜினேட்டிலுள்ள நீர் ஆவியாக ஆவியாக அச்சு சுருங்கும். ஒரு எச்சரிக்கை: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது சூடாகும். கனமான பிளாஸ்டருக்குள் கையையோ வேறு உறுப்பையோ நேரடியாக அமிழ்த்தினால் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும், இறுகியபின் வெளியே எடுக்கவும் முடியாது. விரல்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள். தனியாக ஒருபோதும் செய்யாதீர்கள். மார்பு முழுவதும் பூசினால் மூச்சு ஆழமாக இழுக்க முடியாமல் சிலருக்குத் தலைசுற்றும், நின்றபடி செய்தால் மயக்கம் வரும். உதவிக்கு இருப்பவர் நீங்கள் நம்புகிறவராக இருக்க வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இப்படி எடுத்த வார்ப்பைக் கையில் வாங்கும்போது முதல் அதிர்ச்சி அதன் துல்லியம்: தோலின் மயிர்த்துளைகள், உள்ளாடையின் தழும்பு, குளிரில் சிலிர்த்த புள்ளிகள் எல்லாம் இருக்கும். இரண்டாவது அதிர்ச்சி அதன் பொய். படுத்தபடி எடுத்திருந்தால் மார்பு இருபுறமும் சரிந்து, வயிறு உள்வாங்கி, பிறகு சுவரில் நிமிர்த்தி மாட்டும்போது நின்றுகொண்டு படுத்திருக்கும் ஓர் உடல் கிடைக்கிறது. நின்றபடி எடுத்திருந்தால் ஈரமான கட்டுத்துணியின் எடை சதையை அழுத்திக் கீழிறக்கியிருக்கும். முகத்தில் எடுத்தால் கண் மூடியிருக்கும், கன்னம் தொய்ந்திருக்கும், வெள்ளைப் பிளாஸ்டரில் வார்த்தால் இறந்தவர் முகமாகவே தெரியும். அச்சு உண்மையைத் தருகிறது என்று நம்புவது புகைப்படம் பொய் சொல்லாது என்று நம்புவதைப் போன்றதுதான். தொட்டு எடுத்த தடயம் என்ற சாட்சியம் அதில் உண்டு. அதற்கு மேல் நீங்கள்தான் ஏதேனும் செய்ய வேண்டும்.

அலினா ஷாபோச்னிகோவ் என்ன செய்தார் என்று பாருங்கள். போலந்தில் பிறந்த யூதர், இளவயதிலேயே நாஜி வதை முகாம்களைக் கண்டு தப்பியவர். 1962இல் தன் காலையே அச்செடுத்தார். பாரிஸுக்குக் குடிபெயர்ந்தபின் தன் உதடுகளையும் மார்புகளையும் வண்ணப் பாலியஸ்டர் ரெசினில் வார்த்து உள்ளே மின்விளக்கு வைத்தார். மேசை விளக்காக எரியும் உதடு கவர்ச்சியா கேலியா என்று பார்ப்பவர் தடுமாறுவார். 1969இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட பிறகு, தன் முகத்தின் வார்ப்பை ரெசின், காஸ் துணி, கசக்கிய நாளிதழ் ஆகியவற்றோடு உருட்டிக் கட்டிகளாகத் தரையில் பரப்பினார். 1973இல் இறந்தார். ஒரே உடல், ஒரே அச்சுமுறை. முதலில் விரும்பப்படும் பொருளாகவும் பிறகு தன்னைத் தின்னும் பொருளாகவும் வருகிறது. ஜேனின் ஆன்டோனி 1993இல் வேறு வழியில் போனார். தன் மார்பளவு உருவத்தைச் சாக்லேட்டிலும் சோப்பிலும் வார்த்து, சாக்லேட்டை நக்கியும், சோப்பைத் தொட்டியில் குளிப்பாட்டுவதுபோல் தேய்த்துக் கழுவியும் முகங்களைக் கரைத்தார். தின்பதும் கழுவுவதும் அன்றாடப் பராமரிப்பு; அந்தப் பராமரிப்பே அடையாளத்தை அழிக்கிறது. செதுக்குளி பிடித்திருந்தால் அந்த அர்த்தம் வந்திருக்காது. ஆனா மெண்டியெட்டா 1973 முதல் செய்த 'சிலுவேட்டா' தொடரில் உடலே போய்விடுகிறது: மண்ணிலும் மணலிலும் தன் உயரத்துக்குப் பதிந்த பள்ளம், அதில் பூவோ வெடிமருந்தோ நீரோ. 12 வயதில் கியூபாவிலிருந்து பெற்றோரைப் பிரிந்து அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவர் அவர். பள்ளம் என்பது அச்சின் மறுபாதி என்பதை மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். பலமுறை வார்ப்பைவிட வெற்று அச்சே வலுவான சிற்பமாக இருக்கும், அதை உடைத்துக் குப்பையில் போடுமுன் ஒருமுறை விளக்கொளியில் திருப்பிப் பாருங்கள்.

ஒரு கருத்தில் எனக்கு உண்மையிலேயே ஐயம். பெண்மைக்கென்று ஒரு வடிவம் உண்டு, வளைவும் குழிவும் மென்பொருளும் நூலும் துணியும் பெண்ணுடையவை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். 1970களில் அது ஓர் அரசியல் தேவையாகவும் இருந்தது. நான் அதை முழுதாக ஏற்பதில்லை. பிரிட்டிஷ் சிற்பி பார்பரா ஹெப்வொர்த் 1930களின் தொடக்கத்திலேயே கல்லைத் துளைத்து உள்வெளியைச் சிற்பத்தின் பகுதியாக்கினார். அதைக் கருப்பை என்று படிப்பவர் உண்டு, ஆனால் அவருடைய நண்பரான ஹென்றி மூரும் அதே துளையைத்தான் செய்தார். பெயர்ப்பலகையை மறைத்துவிட்டால் எது பெண் செய்தது என்று கண்டுபிடிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதோடு, எந்தப் பெண் என்ற கேள்வியும் உடனே வந்துவிடுகிறது. கருப்பினப் பெண்களின் உடலை முன்வைக்கும் சிமோன் லீ, 2019இல் நியூயார்க்கில் நிறுவிய 'பிரிக் ஹவுஸ்' ஏறத்தாழ 5 மீட்டர் உயர வெண்கலம். தலை பெண்ணுடையது, உடல் களிமண் வீட்டைப் போன்ற கவிகை, முகத்தில் கண்களே இல்லை. பார்க்கப்பட்டே பழகிய ஓர் உடல் இங்கே பார்வையைத் திருப்பித் தரவும் மறுத்துவிடுகிறது. மாற்றுத்திறனாளி, திருநங்கை, முதியவர், மார்பகம் நீக்கப்பட்டவர் ஆகிய ஒவ்வொருவருக்கும் உடலும் அடையாளமும் பொருந்தும் இடம் வெவ்வேறு. ஒருவருடைய சிற்பம் மற்றவருக்காகப் பேசிவிடாது.

செய்தவர் யார் என்பதும் எல்லாவற்றையும் தீர்த்துவிடுவதில்லை. 2005இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் வைக்கப்பட்ட, கைகளின்றிப் பிறந்த ஓவியர் அலிசன் லாப்பரைக் கர்ப்பிணியாகக் காட்டும் மூன்றரை மீட்டர்ப் பளிங்குச் சிலையைச் செய்தவர் மார்க் குவின் என்ற ஆண். லாப்பரே அதற்கு மாடலாக இருந்தார், அதை வெளிப்படையாக ஆதரித்தும் பேசினார். மாறாக, 2020இல் அதே நகரில், பெண்ணுரிமைச் சிந்தனையாளர் மேரி வுல்ஸ்டன்கிராஃப்டுக்காக மேகி ஹாம்ப்ளிங் என்ற பெண் செய்த நினைவுச் சிற்பத்தில், உருகிச் சுழலும் வடிவத்தின் உச்சியில் வெள்ளிநிறத்தில் ஒரு சிறு நிர்வாணப் பெண் நின்றாள். அது வுல்ஸ்டன்கிராஃப்டின் உருவமன்று, எல்லாப் பெண்ணுக்குமானது, ஆடை காலத்தைக் கட்டிவிடும் என்பது சிற்பியின் வாதம். எந்த ஆண் சிந்தனையாளருக்காவது இப்படி நிர்வாணத்தில் நினைவுச்சின்னம் வைப்பார்களா என்று பலர் கொதித்தார்கள். என் தீர்ப்பு, அங்கே உறுத்தியது நிர்வாணத்தைவிட அளவுதான்: ஒருவரைப் போற்றும் இடத்தில் மிகச் சிறிய பெண்ணுடலை உயரத்தில் வைத்தால் அது கோப்பையின் உச்சியிலுள்ள பதுமையாகிவிடுகிறது. நிக்கி தெ சான் ஃபால் 1966இல் ஸ்டாக்ஹோமில் இருவரோடு சேர்ந்து செய்த 'ஹோன்' இதற்கு நேர் எதிர். ஏறத்தாழ 25 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் வண்ணப் பெண். பார்வையாளர்கள் கால்களுக்கிடையே நுழைந்து உள்ளே போனார்கள், மார்புக்குள் ஒரு பால் கடை இருந்தது. அத்தனை அப்பட்டமான உடலைக் கண்ணால் மேய முடியவில்லை, ஏனெனில் அது பார்ப்பவரைவிடப் பெரியது.

ஆகவே உங்கள் வேலைக்குத் திரும்பினால், நான் மாற்றிப் பார்க்கச் சொல்வது சிலவற்றைத்தான். கம்பிச் சட்டகம் கட்டும்போதே நிலை முடிவாகிவிடுகிறது. களிமண் வைத்தபின் யோசித்துப் பயனில்லை. எனவே கண்ணாடி நிலையை விட்டுவிட்டு, யாரும் பார்க்காதபோது உங்கள் உடல் எப்படி எடை தாங்குகிறதோ அந்த நிலையைத் தேடுங்கள்: குந்தி எழுவது, ஒருக்களித்து முழங்காலை வயிற்றோடு சேர்த்துப் படுப்பது, கனத்தைத் தூக்கி இறக்கியபின் இடுப்பில் கைவைத்து நிமிர்வது. தலையை வெட்டுவதானால் காரணத்தோடு வெட்டுங்கள், இல்லையேல் முகம் செய்யுங்கள், சரியாக வராத முகமானாலும் சரி. மேற்பரப்பைச் சுரண்டி வழவழப்பாக்குவதற்கு முன் நிறுத்திப் பாருங்கள். விரல் அழுத்திய குழிகள் இருக்கும் தோலும் தேய்த்து மெருகேற்றிய தோலும் ஒரே உடலைப் பற்றிப் பேசுவதில்லை. சுடுமண் காய்ந்து சுடும்போது மண்ணைப் பொறுத்து நூற்றுக்குப் பத்து வரை சுருங்கும். ஆளளவு என்று நினைத்துச் செய்தது ஆளைவிடச் சற்றே சிறியதாக வந்து, அந்தச் சற்றே சிறுமையே அதைப் பொம்மையாக்கிவிடும். ஒன்று துணிந்து சிறிதாக்குங்கள், அல்லது சுருக்கத்தைக் கணக்கிட்டுப் பெரிதாகத் தொடங்குங்கள். மேலும், ஏற்கெனவே செய்த சுடுமண் உடலை எறிந்துவிட வேண்டாம். இப்போது அது கண் மட்டத்தில், வெள்ளைப் பீடத்தில், ஒரே பக்கம் விளக்கடித்து நிற்கிறது என்று படம் காட்டுகிறது. அடுத்த மதிப்பீட்டுக்கு முன் அதைத் தரையில், சுவரைப் பார்த்து, பார்ப்பவர் குனிந்து சுற்றி வந்தால்தான் முன்புறம் தெரியும்படி வைத்துப் பாருங்கள். பிறகு அதற்கு அருகில் கண்மூடிச் செய்த கையளவு உருவங்களில் ஒன்றை வையுங்கள். அவை இரண்டும் ஒரே ஆளுடையவை என்று உங்களுக்கே நம்பிக்கை வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். படத்தோடு அனுப்பினால் கம்பிச் சட்டகத்தைப் பற்றி இன்னும் விவரமாகச் சொல்கிறேன்.